பதினாறாவது நாற்காலி

புதிதாக வந்திருக்கும் மூன்று டீச்சர்களுக்கும் வணக்கம். நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்கேஜி வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றுப் போனவள். உங்கள் எச்.எம். போன வாரம் போன் செய்தாள். "அக்கா, இந்த வருஷம் அட்மிஷன் மேசையில புது டீச்சருங்கள உக்கார வெக்கப் போறேன். உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள். ஃபாரம் எப்படி நிரப்புவது, பிறப்புச் சான்றிதழில் எதைப் பார்ப்பது என்பதெல்லாம் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. இருபத்திரண்டு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தவள் ஒரே ஒரு தப்புதான் செய்தாளா என்று கேட்காதீர்கள். நிறைய இருக்கிறது. மற்றவற்றை நான் ஆண்டவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

நம் பள்ளிக்கூடம் உங்களுக்குத் தெரியும். காரிமங்கலத்தைத் தாண்டி, சர்ச் காம்பவுண்டுக்குள் எல்கேஜி முதல் ஐந்தாவது வரை வகுப்புக்கு ஓர் அறை, அறைக்குப் பதினைந்து நாற்காலி. பஸ் கிடையாது. ஆண்டுவிழாவுக்குப் புகை விடும் மேடை கிடையாது. பதினைந்து பேருக்கு மேல் சேர்க்கமாட்டோம் என்று நோட்டீஸில் அச்சடித்திருக்கிறோமே, அதுதான் நம்மிடம் இருக்கும் ஒரே பெருமை. அந்த ஒரு வரியை நம்பித்தான் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தெல்லாம் பிள்ளையை வண்டியில் உட்காரவைத்து வருகிறார்கள்.

அந்த வருஷம் மே மாதம் எல்கேஜியில் பதினாலு சீட்டு நிரம்பிவிட்டது. மிச்சம் ஒன்று. வெளியே பெஞ்சில் இரண்டு குடும்பம் உட்கார்ந்திருந்தது. எனக்குக் காலையிலிருந்து தலைவலி. மேசையில் ஃபேன் காற்றுக்குப் பறக்கும் ஃபாரங்களை ஸ்டேப்ளரை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஒரு பையன் வந்தான். உட்காரும் முன்னாலேயே இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். நான் கேட்கவே இல்லை. பிறகு நிறங்கள், மாதங்கள், தலைவர்கள் பெயர். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. அவன் அம்மா பக்கத்தில் உதட்டை அசைத்துக்கொண்டே நின்றாள். அடேயப்பா, என்ன பிள்ளை என்று நினைத்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், அந்த நிமிஷமே சீட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த குடும்பத்தை உள்ளே கூப்பிட்டது ஒரு மரியாதைக்குத்தான்.

வந்தது ஓர் அம்மாவும் பெண்ணும். அம்மா பெயர் மஞ்சுளா. வீட்டுக்காரர் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு பாலக்கோடு போயிருந்தார். பெண் பெயர் ரோகிணி. நெற்றியில் பெரிய பொட்டு, கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு, தலை நிறையச் சாமந்தி. ஃபாரத்தை மஞ்சுளாவே நிரப்பியிருந்தாள், குண்டு குண்டாகத் தமிழ் எழுத்து. தாய்மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்று எழுதியிருந்தாள்.

நாம் வைக்கும் படக்கட்டு இன்னும் அதே மேசை டிராயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் மாம்பழப் படத்தை எடுத்துக் காட்டினேன்.

"கண்ணு, இது என்ன?"

குழந்தை படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெல்ல, "பந்து" என்றாள்.

"பந்தா? நல்லாப் பாரு கண்ணு. இத சாப்புடலாமில்ல?"

தலையாட்டினாள். மறுபடியும் பந்து என்றாள். அடுத்து வீட்டுப் படம். ஓடு போட்டு, கதவு வைத்து, ஜன்னல் வைத்து, பச்சைக்குழந்தைக்கும் தெரியும் வீடு.

"இது என்ன?"

"இல்ல."

"என்ன இல்ல? தெரியலியா?"

"இல்ல" என்று விரலைப் படத்தின் மேலேயே வைத்து அழுத்திச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. மூன்றாவதாக மரம். "செட்டு" என்றாள். என்ன செட்டு, பொம்மை செட்டா, பாத்திரச் செட்டா? நான் கேட்டு முடிப்பதற்குள் மஞ்சுளா பின்னாலிருந்து குழந்தையின் தோளில் கிள்ளினாள். நான் பார்த்தேன். குழந்தை உதட்டை மடித்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டுவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை.

மஞ்சுளாவின் முகம் சிவந்துவிட்டது. பிள்ளை மந்தமாக இருக்கிறாளே என்ற வெட்கம் என்று நான் அதற்கு ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டேன். அனுபவம் அதிகமானால் இது ஒரு தொல்லை, யார் முகத்தைப் பார்த்தாலும் உடனே ஓர் அர்த்தம் வந்துவிடும்.

"வூட்டுல நல்லாப் பேச்சுக் குடுங்கம்மா. ஒவ்வொரு சாமானையும் காட்டிப் பேரு சொல்லிக் குடுங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றேன்.

"ஒரு சீட்டுதான் இருக்குதுங்களா டீச்சர்?"

"ஒண்ணுதாம்மா."

அவள் முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். நான் ஃபாரத்தின் குறிப்புக் கட்டத்தில், என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'மூன்று படத்துக்கும் தவறான பதில். கவனம் இல்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம்.' கீழே கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் காரிமங்கலம் சந்தைக்குப் போனேன். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. மாம்பழம் மலிந்து கிடந்தது. ஒரு அம்மாவிடம் செந்தூரா பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்துக் கடைக்காரியிடம் என்னமோ கலகலவென்று பேசினாள். தெலுங்கு. நான் பொம்மிடி பக்கம் பிறந்தவள்; பக்கத்து ஊர்களில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருந்தார்கள்தான். ரேடியோவில் அடுத்த ஸ்டேஷன் லேசாகக் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறேனே தவிர காது கொடுத்ததில்லை. அன்றைக்கு அந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு வார்த்தை மட்டும் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தியது.

"ஏம்மா, என்னமோ பந்துன்னியே, என்ன பந்து?"

"பந்து இல்லீங்க்கா, பண்டு. மாமிடி பண்டு. பண்டுன்னா எங்க பேச்சுல பழம்."

என் கையில் மாம்பழம். அது அப்படியே கையில் இருந்தது.

"வூட்டுக்கு என்ன சொல்லுவீங்க?"

"இல்லுங்க்கா."

"இல்லைங்கறியா?"

"அட, இல்லைன்னு சொல்லலீங்க. இல்லு. இல்லுன்னா வூடு."

"மரத்துக்கு?"

"செட்டு." அந்த அம்மா சிரித்துவிட்டாள். "ஏங்க்கா, இந்த வயசுல தெலுங்கு கத்துக்கிட்டு எங்க போகப் போறீங்க?"

கர்த்தாவே, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பந்து, இல்ல, செட்டு. மூன்றும் சரி. அந்தக் குழந்தை பழத்தைப் பழம் என்றாள், வீட்டை வீடு என்றாள், மரத்தை மரம் என்றாள். விரலை வைத்து அழுத்திக்கூடச் சொன்னாள். வெட்கமாக இருந்தது.

இப்போது இதைக் கவனியுங்கள் பிள்ளைகளே. அந்த இடத்தில் எனக்கு மூன்று வழி இருந்தது. ஒன்று, சும்மா இருந்துவிடுவது. சீட்டு போயாகிவிட்டது, யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு, ஃபாரத்தில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்வது. மூன்று, நேரில் போவது. போனில் மன்னிப்புக் கேட்பது எனக்கு ரொம்பச் சுலபமாகத் தோன்றியது. அவ்வளவு சுலபமாகத் தோன்றியதால்தான் அதைச் செய்யவில்லை. வாங்கிய மாம்பழத்தோடு அப்படியே டவுன் பஸ் ஏறினேன். ஊர்ப் பெயர் ஃபாரத்தில் பார்த்த ஞாபகம் இருந்தது.

பஸ்ஸில் அரை மணி நேரம், இறங்கி நடை கொஞ்சம். தக்காளிக்காரர் வீடு என்றதும் வழி காட்டிவிட்டார்கள். மஞ்சுளா வீட்டை ஒட்டிய கொல்லையில் சாமந்தி பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மடியில் இருந்த பூவைக் கூடையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள். "வாங்க டீச்சர்" என்றாள். உட்காரச் சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். எல்லா மரியாதையும் இருந்தது, முகம் மட்டும் இறுகியிருந்தது.

"பாப்பா எங்க?"

"உள்ள இருக்கறா. நீங்க சொன்னபடிதான் டீச்சர் செய்யறோம். ஒவ்வொரு சாமானையும் காட்டிக் காட்டித் தமிழ்ல பேரு சொல்லிக் குடுக்கறேன். வூட்டுல யாரும் தெலுங்கு பேசக் கூடாதுன்னு கண்டிசன் போட்டுட்டேன். அவங்கப்பாகூட என்கிட்டத் தமிழ்லதான் பேசறாரு."

"பேசறாளா?"

மஞ்சுளா வீட்டுக் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "பேசிட்டுத்தான் இருந்தா. தெலுங்குல ஒரு வார்த்த வந்தா வாயிலயே ஒண்ணு போட்டேன். இப்ப எதுலயுமே பேசறதில்லீங்க. பத்து நாளாச்சு. தண்ணி வேணும்னாக் கூட சொம்பத் தொட்டுக் காட்டறா."

இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். என் ஒரு வரிக் குறிப்பு ஒரு வீட்டின் பேச்சையே நிறுத்திவிட்டதே என்று பயந்துபோனேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழுதுவிட்டால் அவள்தான் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அது நியாயமில்லை.

"மஞ்சுளா, பாப்பா மூணு படத்துக்கும் சரியாத்தான் சொன்னா. எனக்குத்தான் தெரியல. இன்னிக்கு சந்தையிலதான் தெரிஞ்சுகிட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சுக்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். நம்பலாமா வேண்டாமா என்கிற பார்வை. தினமும் காலையில் பிள்ளைகளோடு சேர்ந்து மன்னிப்புக்காக ஜெபம் செய்கிறவள் நான். ஆனால் ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்து, ஒரு பெற்றோரிடம், அந்த வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல்முறை.

"அப்ப சீட்டு இருக்குதுங்களா?" என்றாள்.

இருக்கிறது என்று சொல்லத் துடித்தது வாய். சொல்லியிருந்தால் அது இரண்டாவது தப்பு.

"இல்லம்மா. அந்தப் பையனுக்குக் குடுத்தாச்சு. நாளைக்கு எச்.எம். கிட்டக் கேக்கறேன். கெடைக்கும்னு உனக்கு வாக்குக் குடுக்க முடியாது."

"சீட்டும் இல்லாம இம்புட்டு தூரம் எதுக்கு வந்தீங்க?"

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் கூடையில் இருந்த பூவைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு அவளாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"நானும் அஞ்சாவது வரைக்கும் படிச்சேன் டீச்சர். ஒருக்கா மரம்னு சொல்றதுக்குப் பதிலா செட்டுன்னு சொல்லிட்டேன். கிளாஸ் பூராச் சிரிச்சுது. வாத்தியாரும் சிரிச்சாரு. அன்னியிலருந்து எம் பேரே செட்டுன்னு ஆயிப்போச்சு. ரோட்டுல போனாக் கூட செட்டு செட்டும்பாங்க. அதோட நின்னுட்டேன். அன்னிக்கு உங்க மேசையில இவளும் செட்டுன்னு சொன்னாளா, எனக்குக் கை தன்னாலக் கிள்ளிருச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா, தெலுங்குன்னு?"

"ஃபாரத்துல தமிழ்னு எழுதிட்டனே. பொய் எழுதிட்டியான்னு கேப்பீங்கன்னு பயம்." சற்று நிறுத்தி, "பெரிய ஸ்கூல் பஸ்ஸு எங்க ஊருக்குள்ளயே வருது டீச்சர். அவங்கப்பாவுக்கு அங்க சேக்கத்தான் ஆச. அங்க ஒரு கிளாஸுக்கு நாப்பது புள்ளைங்க. நாப்பதும் சிரிக்கும். உங்க நோட்டீஸ்ல பதினஞ்சுன்னு போட்டிருந்துச்சு. சிரிச்சாலும் பதினாலு பேருதானேன்னு கணக்குப் போட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் நம் பள்ளிக்கூடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒழுக்கம் என்பார்கள், இங்கிலீஷ் என்பார்கள், நீங்க அன்பாப் பாத்துக்குவீங்க என்பார்கள். இப்படி ஒரு காரணத்தை யாரும் சொன்னதில்லை.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் சாமந்திப்பூ தெரிந்தது. ரோகிணி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து நீட்டினேன். இது என்ன என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இனி அவளிடம் கேட்க எனக்கு யோக்யதை இல்லை. நானே சொன்னேன்.

"பந்து."

குழந்தை என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மஞ்சுளா அசையவில்லை.

"பந்து" என்றேன் மறுபடியும், சந்தையில் அந்த அம்மா திருத்திய மாதிரியே சொல்வதாக நினைத்துக்கொண்டு.

குழந்தையின் முகத்தில் ஒரு சுளிப்பு. பொறுக்க முடியாத சுளிப்பு. கதவை விட்டு வெளியே வந்தாள். "பந்து காது!" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காது என்கிறாளே என்று என் காதைத் தொட்டுப் பார்த்தேன். கம்மல் கழன்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். அவ்வளவுதான், மஞ்சுளா 'குபுக்'கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

"காதுன்னா எங்க பேச்சுல 'இல்லை'ன்னு அர்த்தம் டீச்சர். பந்து இல்லையாம். தப்பாச் சொல்றீங்களாம்."

"பண்டு!" என்று குழந்தை என் முகத்துக்கு நேராக வந்து, நாக்கை மடித்துக் காட்டிச் சொன்னாள். "பண்டு!"

"பண்டு" என்றேன்.

மாம்பழத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, படபடவென்று அம்மாவிடம் என்னமோ சொன்னாள். பத்து நாள் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. இந்தக் காதுதான் அன்றைக்குத் தப்புச் செய்தது, குழந்தை தெரியாமலே சரியான இடத்தைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மஞ்சுளா என்னை நிறுத்தினாள். "டீச்சர், சீட்டு கெடைக்குதோ இல்லியோ, நான் ரெண்டு கேள்வி கேக்கணும். அன்னிக்கு நீங்க கேட்டீங்க, இன்னிக்கு நான் கேக்கறேன்."

"கேளும்மா."

"சாமி பாட்டுப் பாடச் சொல்லுவீங்களா?"

"காலைல ஒரு பாட்டு, ஒரு ஜெபம். எல்லாப் புள்ளைங்களும் நிக்கும். மறைச்சுச் சொல்ல மாட்டேன். பொட்டையும் பூவையும் எடுக்கச் சொல்ல மாட்டோம். உங்க கோயில் பண்டிகைக்கு லீவு கேட்டாக் குடுப்போம். அதுக்கு மேல யாரையும் எதுவும் செய்யச் சொல்லறதில்ல."

"பாடினாப் பாடட்டும். எங்க மாரியம்மா அதுக்கெல்லாம் கோச்சுக்க மாட்டா. அடுத்ததச் சொல்லுங்க. இவ தெலுங்குல பேசினா சிரிப்பீங்களா?"

"நான் சிரிக்க மாட்டேன். மத்த புள்ளைங்க சிரிக்காமப் பாத்துக்கறது என் பொறுப்பு."

அவள் தலையாட்டினாள். "சரி, நான் அவங்கப்பாகிட்டச் சொல்லிக்கறேன்" என்றாள். அட்மிஷனுக்குக் கேள்வி கேட்பது நாம்தான் என்றுதானே நினைக்கிறோம்? அன்றைக்கு நான்தான் பாஸாகிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த நாள் எச்.எம். முன்னால் போய் நின்றேன். அவள் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள், என்னிடம் தொழில் கற்றவள் என்று சொல்லிக்கொள்வாள். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடாமல் கேட்டாள். இதெல்லாம் பெரிசா அக்கா, ஒரு நாற்காலி போட்டுக்கலாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"பதினஞ்சுன்னு அச்சடிச்சுக் குடுத்துட்டோம் அக்கா. அதை நம்பிப் பதினஞ்சு வூட்டுக்காரங்க சேத்திருக்காங்க. அவங்களைக் கேக்காம நாம மாத்தினா அது ஏமாத்து. நீங்களே போய்ப் பதினஞ்சு வூட்டுலயும் நடந்ததைச் சொல்லுங்க. ஒருத்தர் வேண்டாம்னாலும் பதினாறு கெடையாது."

அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். ராத்திரி சோறு சாப்பிடும்போதுதான் அவள் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

பள்ளிக்கூடம் திறக்க ஒன்பது நாள், பதினைந்து வீடு. டவுன் பஸ்ஸிலும், சர்ச் வாட்ச்மேன் வண்டியிலும், நடந்தும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பல்லவி. நான் ஒரு குழந்தையோட பேச்சு விளங்காம, தப்பாக் குறிப்பு எழுதிட்டேன், அந்தக் குழந்தைக்கு ஒரு நாற்காலி போட உங்க சம்மதம் வேணும். முதல் வீட்டில் நாக்கு குழறியது. நாலாவது வீட்டில் பழகிவிட்டது. ஏழாவது வீட்டில் ஒரு தாத்தா, "அட, டீச்சரும் தப்பு செய்வீங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டு மோர் கொடுத்தார்.

கடைசியாக வைத்திருந்தது அந்த இங்கிலீஷ் எழுத்துப் பையன் வீடு. அவன் அம்மாதான் வேண்டாம் என்பாள் என்று எனக்குள் ஒரு பயம். நான் பல்லவியை முடித்ததும் அவள் உள்ளே போய் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர், நாங்களும் ஒண்ணு சொல்லிரணும்" என்றார் அவர். "எங்க வூட்டுல கன்னடந்தான் பேசறது. ஃபாரத்துல தமிழ்னு எழுதிட்டோம். பையனுக்குத் தமிழ் அவ்வளவா வராது. நீங்க படத்தக் காட்டி ஏதாச்சும் கேட்டாத் தெரிஞ்சு போயிருமேன்னுதான் இங்கிலீசுல ஏபிசிடி சொல்லிக் குடுத்து, உள்ள நொழஞ்சதும் நிறுத்தாமச் சொல்லுடான்னு அனுப்பிச்சோம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு அவர்களும் சிரித்தார்கள். அந்தப் பதினைந்து வீட்டில் நாலு வீடு இப்படித்தான் என்று பின்னால் தெரிந்தது. இரண்டு தெலுங்கு, இரண்டு கன்னடம். நாலு பேரும் 'தமிழ்' என்று எழுதியிருந்தார்கள். நம் மேசைக்கு முன்னால் அவ்வளவு பயம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷத்திலிருந்து நான் ஃபாரத்தில் தாய்மொழிக் கட்டத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அதற்குப் பதில் பேச்சோடு பேச்சாக, "கோவம் வந்தா வூட்டுல எந்தப் பேச்சுல திட்டுவீங்க?" என்று கேட்பேன். எல்லோரும் சிரித்துவிடுவார்கள். சிரித்தபிறகு உண்மையைச் சொல்லிவிடுவார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

பதினைந்து வீட்டிலும் சரி என்றார்கள், ரோகிணி பதினாறாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி, காம்பவுண்டுக்குள்ளேயே குடியிருக்கும் சர்ச் போதகர் ஆயர் ஐயா வீட்டிலிருந்து எடுத்து வந்தது, மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரம். மூன்றாம் நாளே வகுப்பில் சிரிப்பு வெடித்தது. மரப் படத்தைக் காட்டி 'செட்டு' என்று நான் சொன்னேன், 'ச' சரியாக வரவில்லை. ரோகிணி எழுந்து என்னைத் திருத்தினாள். கன்னடப் பையன் எழுந்து, எங்க வூட்டுல 'மர' என்றான். பதினாறு பேரும் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள். சாயங்காலம் மஞ்சுளா வந்தபோது, "இன்னிக்குக் கிளாஸ்ல யாராச்சும் சிரிச்சாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். "சிரிச்சாங்கம்மா, என்னைப் பாத்து" என்றேன்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அடுத்த வருஷம் ரோகிணி யுகேஜி. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தாள். கடை போர்டு, பஸ் போர்டு, மருந்து டப்பா, கண்ணில் பட்ட எதையும் விடமாட்டாள். ஒரு சாயங்காலம் மஞ்சுளா கூட்டிப்போக வந்து காம்பவுண்டு கேட்டுக்குப் பக்கத்தில் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். ரோகிணி ஆயர் ஐயா வீட்டு முன்னால் நின்றுகொண்டு போர்டைப் பார்த்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கத்தல்.

"டீச்சர்! ஐயா வூட்டுல நம்ம பேச்சு எழுதியிருக்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். குழந்தை விரலை நீட்டி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். "ஆ... ய... ர். இ... ல்... ல... ம். பாரும்மா! இல்லு! ஒரு ம் மட்டும் சேத்திப் போட்டுட்டாங்க."

'ஆயர் இல்லம்.' நீலப் போர்டில் வெள்ளை எழுத்து. இருபது வருஷத்துக்கு மேல் தினமும் காலையும் மாலையும் நான் கடந்துபோன போர்டு அது. அன்றைக்கு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோதும் என் பக்கத்து ஜன்னல் வழியாக அது தெரிந்துகொண்டுதான் இருந்தது.

மஞ்சுளா போர்டை நிமிர்ந்து பார்த்துத் தானும் ஒருமுறை மெல்லப் படித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கே இவ சரியாத்தான் சொன்னா. இல்லீங்களா டீச்சர்?"

"சரியாத்தாம்மா சொன்னா" என்றேன்.

அவர்கள் போனபிறகு ஆபீஸ் அறையைத் திறந்து பழைய ஃபைலை எடுத்தேன். குறிப்புக் கட்டத்தில் நான் எழுதியிருந்த வரிகளை ஒரே கோடாக அடித்தேன். கீழே இடம் கொஞ்சம்தான் இருந்தது. 'மூன்று படத்துக்கும் சரியான பதில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஃபாரம் இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது. மேசையில் போய் உட்காரும் முன்னால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.